'மைலேஜ் எவ்ளோ தருது?' கார் வாங்கும்போது எல்லோரும் சொல்ற 7 கருத்துகள்... எதை நம்பலாம்? முழு விளக்கம்!

புது கார் தெருவுக்குள் வந்து, டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கி முடிப்பதற்குள் முதல் கேள்வி வந்துவிடும். "மைலேஜ் எவ்ளோ தருது?" அடுத்து ஒருவர், "டீசல் எடுத்திருக்கலாமே" என்பார். இன்னொருவர், "இந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்டில் பெரிய வண்டியே கிடைச்சிருக்கும்" என்பார்.

கார் ஓட்டத் தெரியாதவர்களிடம்கூட கார் பற்றி ஒரு கருத்து இருக்கும். அதில் தப்பில்லை. இந்தக் கருத்துகளில் பலவும் ஒரு காலத்தில் சரியாக இருந்தவைதான். ஆனால், எரிபொருள் விலை, வரி, சட்டம், காரின் தொழில்நுட்பம் என எல்லாமே கடந்த 15 ஆண்டுகளில் மாறிவிட்டன. பல வருட சேமிப்பையும், வரப்போகும் 5 அல்லது 7 வருட சம்பளத்தில் ஒரு பங்கையும் போட்டு கார் வாங்குகிற குடும்பம், பழைய கருத்தை நம்பி முடிவெடுத்தால் லட்சக்கணக்கில் நஷ்டம் வரலாம்.

அதனால், அடிக்கடி கேட்கும் 7 கருத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதற்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு.

ஓடுற செலவு Vs நிற்கிற செலவு

என்று சொன்னால் புரிய, ஒரு எடுத்துக்காட்டு. ஆன்-ரோடு விலை 8 லட்சம் ரூபாய்க்கு ஒரு பெட்ரோல் கார் வாங்குகிறீர்கள். 2 லட்சம் கையில் இருந்து, 6 லட்சம் கடன். வட்டி 9.5%, 5 வருடம். 5 வருடம் கழித்து அந்தக் காரை 4 லட்சத்துக்கு விற்கிறீர்கள். வருடத்துக்கு 6,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், அதாவது மாதம் 500 கி.மீ. சிட்டியில் 15 கி.மீ. மைலேஜ், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட சராசரி செலவு இப்படி வரும்:

- காரின் மதிப்பு குறைவது: ரூ.80,000
- கடன் வட்டி: சுமார் ரூ.31,000
- இன்சூரன்ஸ் புதுப்பிப்பு: சுமார் ரூ.12,000
- சர்வீஸ், டயர், பேட்டரி: சுமார் ரூ.15,000
- பெட்ரோல்: ரூ.40,000

மொத்தம் ரூ.1,78,000. இதில் பெட்ரோல் கால் பங்குகூட இல்லை! மீதி ரூ.1,38,000-ல் பெரும்பகுதி, கார் வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் ஆகிற செலவு. சர்வீஸ்கூட அப்படித்தான். பெரும்பாலான கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருதோ அப்போது சர்வீஸ் விட வேண்டும்.

மொத்தச் செலவை 6,000 கி.மீ.-ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 30 ரூபாய். இதே கார் வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓடினால், சர்வீஸுக்கு இன்னொரு 10,000 ரூபாய் சேர்த்தாலும், கிலோமீட்டருக்கு சுமார் 16.50 ரூபாய்தான். உங்க ஊர் கால் டாக்ஸி கட்டணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இப்போ கருத்துகளுக்கு வருவோம்.

கருத்து 1: "மைலேஜ் தான் முக்கியம்"

மேலே சொன்ன காருக்குப் பதிலாக, 20 கி.மீ. மைலேஜ் தரும் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட பெட்ரோல் செலவு 40,000-ல் இருந்து 30,000 ஆகக் குறையும். மாதத்துக்கு மிச்சம் 830 ரூபாய் அளவு. அந்த மைலேஜுக்காக 1 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், போட்ட காசை எடுக்கவே 10 வருடம் ஆகும்.

அதேசமயம், மாதம் 2,000 கி.மீ. ஓட்டுபவருக்கு வருடத்துக்கு 40,000 ரூபாய் மிச்சமாகும். அவருக்கு மைலேஜ் முக்கியம்தான். ஆக, எவ்வளவு ஓட்டப் போறீங்க என்பதைப் பொறுத்துதான் மைலேஜுக்கு மதிப்பு.

இன்னொரு விஷயம். விளம்பரத்தில் வரும் மைலேஜ், புனேவில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்புகள் சான்றளிப்பது. உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டி எடுக்கப்படும் அளவு அது. கிண்டி சிக்னலிலும் காந்திபுரம் டிராஃபிக்கிலும் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. இப்போது பங்குகளில் கிடைக்கும் இ-20 பெட்ரோலில் 20% வரை எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனாலும் மைலேஜ் கொஞ்சம் குறையும்.

"இறக்கத்தில் நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்" என்பதும் கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய கார்களில் கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், எரிபொருள் போவதை கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் செலவாகும். அதோடு எஞ்சின் பிரேக்கிங்கும் கிடைக்காது. ஏற்காடு, கொல்லிமலை இறக்கத்தில் இது உயிருக்கே ஆபத்து.

கருத்து 2: "டீசல் தான் லாபம்"

இந்தக் கருத்துக்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் விலை ரூ.73-ஐத் தாண்டியபோது டீசல் ரூ.41 அளவில்தான் இருந்தது. டீசல் விலையை அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்ததே இதற்குக் காரணம். 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 2025 நிலவரப்படி சென்னையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 8 ரூபாய்தான்.

இப்போது கணக்கு போடுவோம். பெட்ரோல் கார் 15 கி.மீ., டீசல் கார் 20 கி.மீ. மைலேஜ், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 2 ரூபாய் மிச்சம். டீசல் கார் விலை 1.5 லட்சம் அதிகம் என்றால், அதை எடுக்க 72,000 கி.மீ.-க்கு மேல் ஓட்ட வேண்டும். வருடத்துக்கு 6,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 12 வருடம், 20,000 கி.மீ. ஓட்டுபவருக்கு மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஹைவேயில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். தினமும் 3 கி.மீ. ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய் வந்தால் அது அடைத்துக்கொள்ளும். இந்தியாவின் மிகப்பெரிய கார் நிறுவனமான மாருதி சுசூகி, 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திவிட்டது கவனிக்கத்தக்கது.

கருத்து 3: "மாசம் டியூ கம்மியா வருது, எடுத்துடலாம்"

ஷோரூமில் விலையைச் சொல்வதைவிட மாதத் தவணையைச் சொல்வதுதான் வழக்கம். அதே 6 லட்சம் கடனை, அதே 9.5% வட்டியில் பார்ப்போம்:

- 3 வருடம்: டியூ சுமார் ரூ.19,200, மொத்த வட்டி சுமார் ரூ.92,000
- 5 வருடம்: டியூ சுமார் ரூ.12,600, மொத்த வட்டி சுமார் ரூ.1,56,000
- 7 வருடம்: டியூ சுமார் ரூ.9,800, மொத்த வட்டி சுமார் ரூ.2,24,000

7 வருடக் கடனில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரம்ப வருடங்களில் டியூவில் கணிசமான பங்கு வட்டிக்கே போகும். காரின் மதிப்போ அந்த வருடங்களில்தான் வேகமாகக் குறையும். அவசரத்துக்கு 2, 3 வருடத்தில் விற்க நினைத்தால், விற்ற காசு கடனை அடைக்கவே சரியாகப் போய்விடலாம்.

கருத்து 4: "இன்னும் 20 ஆயிரம் தானே, டாப் வேரியன்ட் எடுங்க"

தமிழ்நாட்டில் இதைக் கொஞ்சம் யோசித்துதான் செய்ய வேண்டும். 2023 நவம்பரில் மாற்றி அமைக்கப்பட்ட வாழ்நாள் வரி விகிதப்படி, 5 லட்சம் வரையிலான புதிய கார்களுக்கு 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%.

10 லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். 9.90 லட்சம் காருக்கு வரி ரூ.1,28,700. 10.10 லட்சம் காருக்கு வரி ரூ.1,81,800. காரின் விலையில் 20,000 வித்தியாசம். வரியில் மட்டும் 53,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! சன்ரூஃப் ஒன்றுக்காக இந்தக் கோட்டைத் தாண்டலாமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்க.

சிறிய கார்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 4 மீட்டருக்கு மிகாத நீளமும், 1,200 சிசி வரை பெட்ரோல் எஞ்சின் அல்லது 1,500 சிசி வரை டீசல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18% ஆகக் குறைந்திருக்கிறது.

கருத்து 5: "கதவைச் சாத்தும்போது 'டம்'முனு சத்தம் வரணும், அதுதான் சேஃப்டி"

கதவின் கனத்தை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. மோதும்போது முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் உட்காரும் பகுதி நசுங்காமல் நிற்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்ப்பதுதான் கிராஷ் டெஸ்ட். 2018-ல் டாடா நெக்ஸான், இந்தியத் தயாரிப்பு கார்களில் முதன்முறையாக குளோபல் என்கேப் சோதனையில் 5 ஸ்டார் பெற்றது. 'லேசான வண்டி' என்று பலரும் பேசும் மாருதியின் புதிய டிசையரும் 2024 நவம்பரில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 5 ஸ்டார் வாங்கியது. 2023 அக்டோபரில் இருந்து 'பாரத் என்கேப்' என்ற நம் நாட்டுச் சோதனையும் நடைமுறையில் இருக்கிறது.

கனமான வண்டியும் லேசான வண்டியும் நேருக்கு நேர் மோதினால் கனமான வண்டிக்குச் சாதகம் உண்டு என்பது உண்மைதான். ஆனால், சீட் பெல்ட் போடாவிட்டால் எத்தனை ஸ்டார் இருந்தும் பயனில்லை. பின் சீட்டில் உட்காருபவர்களுக்கும் இது பொருந்தும்.

கருத்து 6: "பம்பர்-டு-பம்பர் போட்டாச்சு, எல்லாம் கவர் ஆகிடும்"

பம்பர்-டு-பம்பர் என்று பேச்சில் சொல்வது, தேய்மானத்தைக் கழிக்காமல் உதிரிபாகங்களுக்குப் பணம் தரும் கூடுதல் பாதுகாப்பு. 'எல்லாம்' என்று அதற்கு அர்த்தம் இல்லை. முக்கியமாக, வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து பழுதானால், சாதாரண பாலிசியில் அந்த எஞ்சின் செலவு பொதுவாகக் கிடைக்காது. அதற்கு 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற தனி பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியது இதனால்தான். தாழ்வான பகுதியில் வீடு என்றால் இந்தக் கூடுதல் பாதுகாப்பை விடாதீங்க. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. டோ செய்துதான் எடுத்துப் போக வேண்டும்.

கருத்து 7: "செகண்ட் ஹேண்ட் எடுத்தா தலைவலி தான்"

முதல் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அதில் மிகப்பெரிய செலவு, காரின் மதிப்பு குறைவதுதான். முதல் சில வருடங்களின் அந்த இழப்பை முதல் ஓனர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதே செகண்ட் ஹேண்டின் லாபம். வருடத்துக்கு 5,000, 6,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு, 3 முதல் 5 வருடம் ஓடிய நல்ல கார் கணக்குக்கு ஒத்துவரும். தலைவலி வருவது பெரும்பாலும் வாங்கும் முறையில்தான். என்னென்ன பார்க்கணும்?

தயாரிப்பு தேதி: 2019 ஏப்ரலில் இருந்துதான் எல்லா கார்களுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில் இருந்து கட்டாயமானது. பக்கத்து சீட் ஏர்பேக் எல்லா கார்களுக்கும் 2022-ல் இருந்துதான். இதற்கு முந்தைய பேசிக் மாடல்களில் இவை இல்லாமலேயே இருக்கலாம். விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீட்டர்: கிலோமீட்டரைக் குறைத்துத் திருப்பி வைப்பது சுலபம். கம்பெனி சர்வீஸ் சென்டரின் சர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்க. 30,000 கி.மீ. ஓடியதாகச் சொல்லும் காரில் பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படணும்.

வெள்ளத்தில் மூழ்கியதா: சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் மண், ஏ.சி. போட்டதும் பூஞ்சை வாடை இருக்கிறதா என்று பாருங்க. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு இல்லை.

ஆர்.சி., ஃபைனான்ஸ்: காரின் மேல் கடன் இருந்தால் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று இருக்கும். அதை கேன்சல் செய்த பிறகுதான் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். கட்டாத செலான் இருக்கிறதா என்பதை பரிவாஹன் தளத்தில் பார்க்கலாம். ஆட்டோ கன்சல்டிங் மூலம் வாங்கினால், அந்த டீலர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்க. 2023 ஏப்ரலில் இருந்து பழைய வண்டி விற்கும் டீலர்களுக்கு இது அவசியம்.

இன்சூரன்ஸ்: வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்க பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். மாற்றாமல் விட்டால், உங்க காருக்கு வரும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகும். பழைய ஓனரின் 'நோ கிளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது. அது ஆளுக்கு உரியது, வண்டியோடு சேர்ந்து வராது.

விற்கிறவங்களும் கவனிக்கணும்!

"பணம் வாங்கியாச்சு, வண்டியைக் கொடுத்தாச்சு, பெயர் மாத்துறது அவங்க பொறுப்பு" என்று விடுவதுதான் பெரிய ஆபத்து. நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கார் பதிவில் ஒருவர் பெயரில் இருக்க, அடுத்தடுத்து பலருக்குக் கைமாறியது. அதன்பிறகு நடந்த விபத்தில் ஒரு குழந்தை உயிரிழந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்பது தீர்ப்பு.

எனவே, காரை விற்றால் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு, 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தர வேண்டும். காரை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி, வாங்கியவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்கி வையுங்க. சில வாரங்கள் கழித்து பரிவாஹனில் பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்து உறுதி செய்வது அவசியம்.

15 வருஷம் ஆனா காரை ஸ்கிராப் போடணுமா?

இந்தச் சந்தேகம் டெல்லிச் செய்திகளைப் பார்த்து வருவது. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற கட்டுப்பாடு டெல்லி தலைநகர் வட்டாரத்துக்காக வந்தது. தமிழ்நாட்டில் 15 வருடம் ஆன காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, தகுதி இருந்தால் 5 வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். பசுமை வரியும் புதுப்பிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கடனில்லாத பழைய காரை இன்னும் 3 வருடம் வைத்திருப்பது, புதுக் காரைவிடப் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

அப்போ கார் வாங்கலாமா, வேண்டாமா?

மூன்று கேள்விகளுக்கு ஒரு பேப்பரில் பதில் எழுதுங்க. வருடத்துக்கு எத்தனை கி.மீ. ஓட்டுவோம்? எத்தனை வருடம் வைத்திருப்போம்? எங்கே நிறுத்துவோம்?

வருடத்துக்கு 12,000 கி.மீ.-க்கு மேல் ஓட்டம், 8 முதல் 10 வருடம் வைத்திருக்கும் எண்ணம் என்றால் புதுக் கார் சரி. ஓட்டம் குறைவு என்றால் செகண்ட் ஹேண்டைப் பாருங்க. மாதத்துக்கு இரண்டு, மூன்று தடவைதான் வெளியே போவோம் என்றால், டாக்ஸியும் வாடகைக் காரும் மலிவு.

கணக்கில் வராத சில விஷயங்களும் இருக்கு. வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கலாம். கடைசி பஸ் ஒன்பது மணிக்கே போய்விடும் ஊராக இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸி கிடைக்காத இடமாக இருக்கலாம். அங்கே கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்பது அதிகம் இல்லை. அந்தச் செலவு இவ்வளவுதான் என்று தெரிந்து, வீட்டு பட்ஜெட்டுக்குள் வருகிறதா என்று பார்த்து வாங்குங்க. அடுத்த முறை யாராவது மைலேஜ் பற்றிக் கேட்டால் பதில் சொல்லுங்க. ஆனால் வாங்கும் முடிவை உங்க வீட்டு ஓட்டத்தை வைத்து எடுங்க.